ஜெனரேட்டருக்கு அரக்கு வைத்த கதை

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு நான் செயலாளரானது ஒரு மின்விசிறியால். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் "செயலாளர் பொறுப்பை யார் எடுத்துக்கறேள்?" என்று தலைவர் கேட்டுவிட்டு எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, என் தலைக்கு மேலே சுழன்ற விசிறியின் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கையைத் தூக்கினேன். கையை இறக்குவதற்குள் மற்ற பதினொரு வீட்டுக்காரர்களும் கைதட்டிவிட்டார்கள்.

நானும் பெரிதாக மறுக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திவிட்டு ஓய்வுபெற்று ஆறு மாதம் ஆகியிருந்தது. அதட்டுவதற்கு ஆளில்லாமல் வாய் நமநமத்துக்கொண்டிருந்த காலம் அது.

எங்கள் கட்டடம் மயிலாப்பூரில், மாட வீதியிலிருந்து கூப்பிடு தூரம். தேர் ஓடும் நாளில் எங்கள் தெருவுக்குள் ஆட்டோ வராது, அவ்வளவு பக்கம். நான்கு மாடி, ஒரு லிஃப்ட். கரண்ட் போனால் லிஃப்டையும் தண்ணீர் மோட்டாரையும் ஓட்டுவதற்குக் கீழே கார் நிறுத்துமிடத்தின் மூலையில் ஒரு டீசல் ஜெனரேட்டர். அதை ஒட்டினாற்போல் ஒரே ஓர் அறை. அதில் வாட்ச்மேனும் அவர் மனைவியும் பிளஸ் டூ படிக்கும் மகளும் இருந்தார்கள். ஜெனரேட்டர் ஓடும்போதெல்லாம் அந்தப் பெண் இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டு படிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான் பதவியேற்ற சூட்டோடு ஆயுத பூஜை வந்தது. அதுவரைக்கும் வாட்ச்மேன்தான் ஜெனரேட்டரின் கதவில் ஒப்புக்கு ஒரு பொட்டு வைப்பாராம். எனக்கு அது போதவில்லை. செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் என்று நான் பன்னீர் விட்டுச் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து எடுத்துக்கொண்டு இறங்கினேன். லிஃப்ட் கதவு, மோட்டார், மீட்டர் பெட்டி எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பொட்டு. ஜெனரேட்டருக்கு மட்டும் உச்சி முதல் டேங்க் மூடி வரைக்கும் பதினொன்று. இயற்பியல் டீச்சருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கக் கூடாது. பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் கால்வனாமீட்டருக்கே பொட்டு வைத்தவள் நான்.

அன்றைக்குக் கற்பூரம் காட்டும்போது வாட்ச்மேனின் மனைவி, "மிஷினே அம்மன் மாதிரி கீது டீச்சரம்மா" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. அடிக்கடி கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடியது, லிஃப்ட் ஏறி இறங்கியது. யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. ஒரு நாள் காலை தலைவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் ஓய்வுபெற்ற தணிக்கையாளர். உலகத்தில் எல்லோரும் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள் என்பது அவருடைய தீர்மானமான கருத்து.

"டீச்சர், நான் ஒரு வாரமா பார்த்துண்டு இருக்கேன். கரண்ட் போறப்பல்லாம் வாட்ச்மேன் டேங்க் மூடியைத் திறக்கறான். எங்காத்து பால்கனிலேர்ந்து நன்னா தெரியறது."

"டீசல் இருக்கான்னு பார்ப்பாரா இருக்கும்."

"பார்க்கறவன் ஒரு தடவை பார்ப்பான். இவன் ஒவ்வொரு தடவையும் பார்க்கறானே, அதுக்கு என்ன அர்த்தம்?"

நான் கீழே போய் வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். அவர் என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அன்றைக்கு அந்தக் கணக்கைத் தாண்டிப் பேசும்படி ஆயிற்று.

"தொறக்கல டீச்சரம்மா. ரவ லூசு பண்ணி உடறேன். டைட்டா இருந்தா கா மணி நேரம் ஓடிட்டு மூச்சு வாங்குது. லூசு பண்ணா ஜோரா ஓடுது."

"அது எப்படி?"

"தெர்ல. அதுக்கும் காத்து வேணுமோ இன்னாவோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டாம் வகுப்புக்கு வளிமண்டல அழுத்தம் நடத்தியவளிடம் வந்து காற்றைப் பற்றிச் சொல்கிறாரே என்று. சிரித்ததோடு விட்டிருக்கலாம். விடாமல் பாடமும் எடுத்தேன்.

"இன்ஜினுக்கு வேண்டிய காத்து ஏர் ஃபில்டர் வழியாப் போகுது. டீசல்ல காத்து கலந்தாத்தான் இன்ஜின் நிக்கும். அதோட, காத்துங்கறது எல்லா இடத்துலயும் இருக்கு. நீங்க மூடியைத் திறந்து உள்ள விடணும்னு ஒண்ணும் இல்ல. புரியுதா?"

"சரிம்மா" என்றார். புரிந்தது என்று சொல்லவில்லை. வகுப்பில் இந்த வித்தியாசத்தை உடனே கண்டுபிடித்துவிடுவேன். அன்றைக்கு விட்டுவிட்டேன்.

அவர் டீசல் திருடுவார் என்று நான் நம்பவில்லை. அவரிடம் இருந்தது ஒரு சைக்கிள். ஆனால் நம்பவில்லை என்று தலைவரிடம் நான் சொல்லவும் இல்லை. இரண்டு பக்கமும் நல்லவளாக இருப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பரீட்சை வினாத்தாள் கட்டுக்கு எப்படிச் சீல் வைப்போமோ அப்படி டேங்க் மூடிக்கும் வைத்துவிடுவது. அளவுகோலை விட்டு டீசல் மட்டத்தை அளந்து குறித்துக்கொண்டேன். மூடியை இறுக்கிப் பூட்டுக் காதுகளில் டுவைன் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, ஓய்வுபெறும்போது மறந்துபோய் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்ட பள்ளிக்கூட முத்திரையை அழுத்தினேன். "இனிமே இதை யாரும் தொடக் கூடாது" என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். அவர் முத்திரையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அறைக்குள் போனார்.

இரண்டு நாள் கழித்துப் பராமரிப்புக்காகக் காலையிலேயே கரண்டை நிறுத்தினார்கள். தலைவர் தி.நகரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்தார். பட்டு வேஷ்டி, அங்கவஸ்திரம், கையில் பரிசுப் பொட்டலம். நாலாவது மாடியில் ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று மேலே போனவர், நண்பர் வரவில்லை என்றதும் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் தனியாக லிஃப்டில் ஏறினார். அதே நேரம் ஜெனரேட்டர் பெருமூச்சு விட்டது, விக்கியது, நின்றது. லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் தொங்கியது. உள்ளிருந்து தலைவர் குரல் மட்டும் கட்டளைகளாக வந்துகொண்டிருந்தது.

வாட்ச்மேன்தான் சாவி போட்டுக் கதவை விலக்கி, ஒரு முக்காலியின் மேல் நின்று, தலைவரின் காலைத் தன் தோளில் வாங்கி இறக்கினார். தரையில் கால் பட்டதும் தலைவர் சொன்ன முதல் வார்த்தை, "இவன் டீசல்ல தண்ணியக் கலந்துட்டான்."

"சீல் அப்படியே இருக்கே" என்றேன்.

"சீல் வெக்கறதுக்கு முந்தியே கலந்திருப்பான்."

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

மெக்கானிக் சைதாப்பேட்டையிலிருந்து பைக்கில் வந்தார். ஜெனரேட்டர் மட்டுமே பார்ப்பவர். இன்ஜினோடு பேசும் மரியாதை மனிதர்களோடு பேசுவதில் இருக்காது. நான் அரக்கை உடைத்து மூடியைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பக்கத்தில் ஒரு செய்தித்தாளின் மேல் பயபக்தியோடு வைத்துவிட்டு, டேங்கிலிருந்த டீசலை ஒரு கேனில் வடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"தண்ணியும் இல்ல, கிருஷ்ணாயிலும் இல்ல. சுத்தமா கீது. யார் மேடம் சொன்னது?"

நான் மேலே பால்கனியைப் பார்த்தேன். தலைவர் அப்போதுதான் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றத் திரும்பினார்.

மெக்கானிக் அடுத்து டேங்கிலிருந்து ஃபில்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் வளைத்தார். அது வளைந்த இடத்தில் வெடித்தது.

"ஹோஸா மேடம் இது, வடாம் மாதிரி நொறுங்குது. இதுல காத்து உள்ள போவும். டீசல் ஒரு சொட்டு வெளிய வராது, ஆனா காத்து உள்ள போய்க்கினே இருக்கும். ஏர் புடிச்சிக்கினா வண்டி நின்னுரும்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. நான் சொன்னதுதானே, டீசலில் காற்று கலந்தால் நிற்கும் என்று. பாடமும் சரி, வாட்ச்மேனும் நல்லவர். "எல்லாத்தையும் மாத்திடுங்க" என்றேன்.

அவர் போய் டீசலுக்கென்று இருக்கும் ஹோஸாகப் பார்த்து வாங்கி வந்தார். தண்ணீருக்குப் போடும் டியூப்பைப் போட்டால் டீசல் அதைத் தின்றுவிடுமாம். டேங்கிலிருந்து ஃபில்டருக்கு ஒன்று, ஃபில்டரிலிருந்து பம்புக்கு ஒன்று, மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பி வரும் வழிக்கு ஒன்று. பழைய கிளிப்புகள் துருப்பிடித்துக் கையோடு வந்தன. நட்டுக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர்கள் தேய்ந்து பிளேடாகியிருந்தன. எல்லாம் புதுசு. "டெஃப்லான் டேப் சுத்தலையா?" என்று என் பிளம்பிங் அறிவைக் காட்டினேன். "பிசிறு போய் அடைச்சிக்கும் மேடம், இது பாத்ரூம் குழா இல்ல" என்றார். நான் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

பிறகு டேங்கின் வாயில் புனலை வைத்துக் கேனிலிருந்த டீசலைத் திரும்ப ஊற்றினார். கைப்பம்பை அடித்துக் குழாய்க்குள் இருந்த காற்றை நுரை நுரையாக வெளியேற்றினார். ஓட்டினார். புனல் டேங்கிலேயே இருக்க, டீ குடித்தபடி நாங்கள் முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு விக்கல் இல்லை.

"பாத்தீங்களா, ஹோஸ்தான்" என்று வாட்ச்மேனிடம் சொன்னேன்.

"சந்தோசம் டீச்சரம்மா" என்றார். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். மூடியை நானே இறுக்கினேன். சீல் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பால்கனியில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். அரக்கை உருக்கினேன்.

அடுத்த தடவை கரண்ட் போனபோது ஜெனரேட்டர் சரியாகக் கால் மணி நேரம் ஓடிவிட்டு நின்றது.

தலைவர் இந்த முறை லிஃப்டில் இல்லை, நாற்காலியில் தெம்பாக உட்கார்ந்திருந்தார். "புது ஹோஸ் போட்டாச்சு. கிளிப் போட்டாச்சு. வாஷரும் போட்டாச்சு. மிச்சம் இருக்கறது வாட்ச்மேன் ஒருத்தன்தான். இப்ப என்ன சொல்றேள்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று முடிவாயிற்று. பொருள்: வாட்ச்மேனை மாற்றுவது. அறிவிப்பை எழுதி ஒட்டுவது செயலாளரின் வேலை. என்னுடைய அழகான கையெழுத்தில் எழுதி, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நானே ஒட்டினேன்.

திரும்பினால் வாட்ச்மேனின் மகள் பள்ளிக்கூடச் சீருடையில் நின்று படித்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் அறையும் போகும். மார்ச்சில் அவளுக்குப் பொதுத்தேர்வு. "எப்ப காலி பண்ணணும் மிஸ்?" என்று மட்டும் கேட்டாள். அழவில்லை, கோபப்படவில்லை, தேதி கேட்பது போலக் கேட்டாள். "இன்னும் ஒண்ணும் முடிவாகல" என்று சொல்லிவிட்டு, லிஃப்ட் இருந்தும் படியேறி மேலே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் நிறுத்துமிடத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம். மெக்கானிக்கையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் கொதித்துப்போய் வந்தார்.

"என் வேலைல தப்பு இல்ல. எல்லாரும் இங்கியே குந்துங்க. நான் ஓட்டிக் காட்றேன்."

ஓட்டினார். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் போலக் கடிகாரத்தையும் ஜெனரேட்டரையும் மாறி மாறிப் பார்த்தோம். வாட்ச்மேன் தன் அறை வாசலில் நின்றார். பத்து நிமிஷம். பன்னிரண்டு. சத்தம் லேசாக மாறியது. மெக்கானிக் குனிந்து புது ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அப்போது டேங்கின் பக்கவாட்டுத் தகரம் 'டொக்' என்று உள்வாங்கியது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வருஷா வருஷம் எட்டாம் வகுப்பில் ஒரு காலி டின்னில் கொஞ்சம் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடியை இறுக்கிக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவேன். உள்ளே காற்றில்லாத டின் 'டொக்' என்று நசுங்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். முப்பத்தொரு வருஷம் கேட்ட சத்தம். டேங்கிலிருந்து டீசல் போகப் போக, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். வரவில்லை. அதனால் டேங்க் டீசலை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்கிறது. கீற்றுக்கொட்டகையில் எண்ணெய் விற்பவருக்குக்கூடத் தெரியும், டின்னில் இரண்டு ஓட்டை போட வேண்டும் என்று.

எழுந்தேன்.

"மூடியை லூசு பண்ணுங்க" என்றேன் வாட்ச்மேனிடம்.

அவர் அசையவில்லை. "சீல் கீதே டீச்சரம்மா."

என் அரக்கை நானே உடைத்தேன். அவர் வந்து மூடியை அரைச் சுற்றுத் திருப்பினார். 'ஸ்ஸ்ஸ்' என்று டேங்க் நீளமாக மூச்சை இழுத்தது. தகரம் 'டொக்' என்று பழைய இடத்துக்கு வந்தது. சாகக் கிடந்த இன்ஜின் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட ஆரம்பித்தது.

மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். காற்று போவதற்கென்றே நடுவில் ஊசித் துளை மாதிரி ஒரு துளை. கீழ்ப்பக்கம் தெரிந்தது, மேல்பக்கம் தெரியவில்லை. மேல்பக்கம் இருந்தது, பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்த சந்தனம். காய்ந்து சிமெண்டாகியிருந்தது. அதன் மேல் குங்குமம். குங்குமம் உதிர்ந்த இடத்தில், யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்பது போல, ஒரு விரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. என் மோதிர விரல்.

மெக்கானிக் தலையில் கையை வைத்துக்கொண்டார். "நானும் அத பாத்தேன் மேடம். சாமிக்கு வெச்ச பொட்ட யாரு சொரண்டுவாங்க? கன்னத்துல போட்டுக்கினு பேப்பர் மேல வெச்சேன்."

கூட்டத்தின் முன்னால் நின்று சொன்னேன்: "டீசலும் சரியா இருந்தது, வாட்ச்மேனும் சரியா இருந்தார். அடைச்சது நான். அவர் மொத நாளே சொன்னார், நான் அவருக்குப் பாடம் எடுத்தேன்." அவமானமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. தலைவர் கனைத்துக்கொண்டு, "எப்படியோ, விஷயம் சுபமா முடிஞ்சுது" என்றார். "முடியல. உங்களைத் தோள்ல தாங்கி இறக்கினவரைப் பத்தி நீங்க சொன்னதை நீங்கதான் திருப்பி எடுத்துக்கணும்" என்றேன். அவர் அங்கவஸ்திரமே இல்லாத தோளைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய் வாட்ச்மேனிடம் ஏதோ முணுமுணுத்தார். வாட்ச்மேன் தலையை ஆட்டினார். அறிவிப்பைக் கிழித்து எடுத்தேன். அந்தப் பெண் வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு வாட்ச்மேனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். "அடைப்பு இருந்தது உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"அங்க ஒரு ஓட்ட கீதுன்னு தெரியும் டீச்சரம்மா. நீங்க வெச்ச பொட்டாச்சேன்னு தொடைக்கல. அதான் லூசு பண்ணேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நீங்களும் சொன்னீங்க, காத்து எல்லா எடத்துலயும் கீதுன்னு."

கிண்டலாகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கும் நான்தான் செயலாளர். அந்தப் பெண் அதற்குள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். சந்தனத்தை இந்தத் தடவை நீர்க்கவே குழைத்தேன். வாட்ச்மேன் குங்குமத் தட்டை ஏந்திக்கொண்டு கூடவே வந்தார். ஜெனரேட்டரின் உச்சியில் ஒன்று, கதவில் ஒன்று, டேங்கில் ஒன்று. என் விரல் மூடிப் பக்கம் போனதும், அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளங்கையால் மூடியைப் பொத்திக்கொண்டார். நான் கற்பூரம் காட்டி முடிக்கிறவரைக்கும் எடுக்கவில்லை.